கவர்னர் பிரக்கெட்டின் கடைசி முற்பகல்

சவரக்கத்தி இடது கன்னத்தில் பாதி தூரம் இறங்கியிருந்தபோதுதான் கவர்னர் எலையாஸ் பிரக்கெட்டுக்கு அது உறைத்தது. தான் சந்தோஷமாக இருக்கிறோம். இருக்கக் கூடாத நாளில், இருக்க எந்த நியாயமும் இல்லாத நாற்காலியில், கழுத்து வரைக்கும் வெள்ளைத் துண்டு போர்த்திக்கொண்டு, மனசு தன்பாட்டில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இன்று பன்னிரண்டு மணி அடித்தால் அவர் கவர்னர் இல்லை. நவம்பர் தேர்தலில் தோற்றாயிற்று. ஜனவரி பனியில் ஆஷ்ஃபோர்ட் நகரமே வெளுத்துக் கிடக்க, தெருவுக்கு அந்தப் பக்கம் சட்டசபைக் கட்டடத்தின் படிகளில் புதிய கவர்னர் கர்னல் ப்ரூஸ்டருக்காகச் சிவப்புத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். அது ஜன்னல் வழியாக நன்றாகவே தெரிந்தது. இதைப் பார்த்தால் வலிக்க வேண்டும். பல் விழுந்த இடத்தை நாக்கு தடவிப் பார்ப்பதுபோல அவர் அந்த வலியைத் தேடிப் பார்த்தார். தோல்வி. ஆயிரத்து நூறு வாக்குகள். ஊஹும், வலிக்கவில்லை. இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தார். கர்னல் ப்ரூஸ்டர் என் மேஜையில் உட்காரப் போகிறான், மைக்கூட்டை இடது பக்கம் நகர்த்தி வைக்கப் போகிறான். நகர்த்தட்டுமே. அங்கே வைத்தால் கை தட்டிக் கொட்டும், முதலில் நானும் அங்கே வைத்துக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"சிரிக்காதீங்க கவர்னர். நீங்க சிரிச்சா கன்னம் குழியுது. குழிக்குள்ளே கத்தி போகாது," என்றார் ஆம்ப்ரோஸ். பன்னிரண்டு வருஷமாக அவருக்குச் சவரம் செய்கிறவர். கறுப்பர், யாருக்கும் அடிமையில்லாத சுதந்திர மனிதர், இந்தக் கடை அவருடைய சொந்தக் கடை.

"நான் எங்கே சிரிச்சேன்?"

"கண்ணாடியைப் பாருங்க."

பார்த்தார். சோப்பு நுரைக்கு நடுவில் ஒரு வாய் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. யாரோ ஒரு கிழவன், நரைத்த புருவம், யானைக் காது, ஐம்பத்தைந்து வயது, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைத்தவன்போல ஒரு முகம். தோற்றவன் முகமா இது? ஆம்ப்ரோஸ் என்ன நினைப்பார்? ஆம்ப்ரோஸ் எதுவும் நினைக்க மாட்டார், நினைத்தாலும் கத்தியைத் தீட்டுகிற சத்தத்தில் அதைத் தோல்வாரோடு சேர்த்துத் தீட்டிவிடுவார். ஆனால் தேர்தலுக்கு மறுநாள் அவர் சொன்னது மட்டும் இன்னும் இருக்கிறது, முள் மாதிரி. "எனக்கு ஓட்டு இருந்திருந்தா ஆயிரத்துத் தொண்ணூத்தொம்பதிலே தோத்திருப்பீங்க." இந்த மாநிலத்தில் கறுப்பர்களுக்கு வாக்கு கிடையாது. என் தொண்டையில் கத்தியை வைக்கலாம், பெட்டியில் சீட்டை வைக்கக் கூடாது. முதல் வருஷம் ஒரு மசோதா கொண்டுவந்தேன், நாலே பேர் கை தூக்கினார்கள். அப்புறம் நான் மறுபடி கொண்டுவரவில்லை. ஏன் கொண்டுவரவில்லை? நேரம் இல்லையா, தைரியம் இல்லையா? இரண்டாவதுதான். அதை ஆம்ப்ரோஸிடம் ஒரு நாள் சொல்லியும்விட்டார். ஆம்ப்ரோஸ் கத்தியை நிறுத்தி, "இதை என்கிட்டே சொன்ன முதல் ஆள் நீங்க. அடுத்தவங்ககிட்டேயும் சொல்லுங்க" என்றார். சொல்ல வேண்டும். கவர்னராக இல்லாவிட்டால் சொல்வது இன்னும் சுலபமாக இருக்குமோ? அட, இதுதானா சந்தோஷம்? இல்லை, இது இல்லை. இது வேறே. காலையில் எழுந்ததும் கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலில் மட்டும் காலுறை போட்டுக்கொண்டு அவர் சீட்டியடித்துக்கொண்டிருந்தார், அப்போதே ஆரம்பித்துவிட்டது.

சீட்டியடிக்க என்ன இருக்கிறது, அந்தக் கட்டடத்துக்குள் இந்த நிமிஷம் மேலவை வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போது? அவருடைய கடைசி மசோதா. காது கேளாத பிள்ளைகளுக்கு இந்த மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூடம். கீழவையில் போன வாரம் தப்பிப் பிழைத்தது. மேலவையில் முப்பத்தோரு பேர். பதினைந்து பேர் ஆதரவு, பதினைந்து பேர் எதிர்ப்பு, இதை விரல் விட்டு எண்ணி எண்ணி விரல் தேய்ந்துவிட்டது. மிச்சம் ஒரே ஆள், வடக்கே பைன் காட்டிலிருந்து வந்த ஹெசகையா லூம். அவர் பேசுவதே கிடையாது. ஜெயித்தால் பன்னிரண்டு மணிக்குள் கவர்னர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் மசோதா ப்ரூஸ்டர் கைக்குப் போகும். ப்ரூஸ்டர் அதைத் தொடப் போவதில்லை என்று மேடைக்கு மேடை சத்தியம் பண்ணியிருக்கிறான். மணி என்ன? பத்து ஐம்பது. கடிகாரம் ஆம்ப்ரோஸின் தலைக்குப் பின்னால் இருக்கிறது, அவர் குனியும்போது மட்டும் தெரிகிறது. குனியட்டும். நிமிரட்டும். செயலாளர் பெல்ஹாமிடம் சொல்லியாயிற்று, முடிவு தெரிந்ததும் இங்கே ஓடி வா, நான் அங்கே இருந்தால் எல்லார் முகத்தையும் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிக்கும். அக்கா அங்கே இருக்கிறாள், பார்வையாளர் மாடத்தில், நீலக் குல்லாய் போட்டுக்கொண்டு. அக்காவுக்குக் கவலையில்லை. கை தூக்குவதை எண்ணக் காது எதற்கு?

தர்ஸா அக்கா அவரைவிட இரண்டு வயது மூத்தவள். மூன்று வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோயிற்று. அப்பா வாபன் ஆற்றில் ஓடக்காரர், கயிறு பிடித்து இழுக்கிற தட்டை ஓடம். அந்தக் கரையில் யார் வந்து நின்றாலும் கத்துவார்கள், காற்று அந்தக் கத்தலைத் தின்றுவிடும். அக்கா அந்தக் கரையில் நின்றுகொண்டு கையால் சொல்வாள், இந்தக் கரையில் எலையாஸ் படித்து அப்பாவுக்குச் சொல்வான். இரண்டு பாதிரியார், ஒரு குதிரை, ஒரு பன்றி. பாதிரியாருக்குக் கழுத்தில் விரல், பன்றிக்கு மூக்கில் உள்ளங்கை, குதிரைக்கு இரண்டு விரல் தலைக்குமேல். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவர்களாகவே உண்டாக்கினார்கள், உருளைக்கிழங்கு முளைப்பதுபோல ஒவ்வொன்றாக முளைத்தது. எலையாஸுக்கு அடையாளம் காது மடலைப் பிடித்து இழுப்பது. ஓட்டமெடுத்துப் போகிற மேகத்துக்குக்கூட ஒரு சைகை வைத்திருந்தார்கள். அம்மாவுக்குக் கோபம் வருகிறது என்பதற்கு ஒன்று, வந்துவிட்டது என்பதற்கு வேறொன்று. ஆற்றுக்குக் குறுக்கே இருநூறு கஜ தூரத்தில் இரண்டு பிள்ளைகள் வாயே திறக்காமல் சண்டை போட்டுக்கொள்வதைப் பார்த்து ஓடத்தில் வந்த வியாபாரிகள் தொப்பியைக் கழற்றிச் சிரித்தார்கள். அந்தச் சண்டைகள், அடடா, அந்தச் சண்டைகள்! ஒரு தரம் கோபத்தில் அவன் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். அவளுக்கு அதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. முதுகோடு எப்படிச் சண்டை போடுவது? அவள் ஆற்றில் குதித்து நீந்தி வந்து அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

அந்தக் கைகள்தான் அவரைக் கவர்னர் ஆக்கின என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கடன் வாங்கிய சட்டப் புத்தகத்தை ஓடத்தில் வைத்துப் படித்து வக்கீல் ஆனார், அப்புறம் மாவட்ட நீதிபதி, அப்புறம் சட்டசபைக்கு இரண்டு தரம் நின்று இரண்டு தரமும் தோற்று மூன்றாம் தரம் ஜெயித்தார். எல்லா இடத்திலும் ஜனங்கள் அவர் பேச்சைக் கேட்க வந்ததைவிட அவர் கையைப் பார்க்க வந்ததுதான் அதிகம். பேசும்போது கை சும்மா இருக்காது. பத்திரிகைக்காரன் அவரைக் காற்றாடி என்று எழுதினான், நாலு இறக்கையோடு படம்கூடப் போட்டான். பதவியேற்பு நாளில், நாலு வருஷத்துக்கு முன்னால், இதே படியில் நின்று குடியரசின் மாண்பு, முன்னோர் சிந்திய ரத்தம் என்று முழங்கிக்கொண்டிருந்தார். நாலாயிரம் பேர் கண் கலங்கி நின்றார்கள். முதல் வரிசையில் அக்கா மட்டும் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வீட்டுக்குப் போனதும் கேட்டார், என்ன சிரிப்பு? அவள் அவர் செய்ததையெல்லாம் அப்படியே திருப்பிச் செய்து காட்டினாள். "முன்னோர் சிந்திய ரத்தம்" என்று வாய் சொன்னபோது கை சொன்னது, பன்றி, பன்றி, இரண்டு பாதிரியார், அம்மா வருகிறாள் ஓடு. அன்று இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள், பதவியேற்பு விருந்துக்கு வந்தவர்கள் கூடத்தில் காத்துக்கொண்டிருக்க.

"மறுபடியும் சிரிக்கிறீங்க," என்றார் ஆம்ப்ரோஸ். "இடது கன்னத்தை முடிக்கவே பன்னிரண்டு மணி ஆயிடும்."

"மணி எத்தனை?"

"பதினொண்ணு அஞ்சு. கேக்காதீங்க. கேட்டா முள்ளு நின்னுடும்."

அப்படியானால் கேட்கக் கூடாது. வேறு எதையாவது நினைக்க வேண்டும். ஆனால் நினைப்பு எங்கே சுற்றினாலும் அந்த ஒரு இடத்தில்தான் வந்து சிக்கும். ஏழு வயதில் அவன் குளிர்காலப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். அக்காவைச் சேர்க்கவில்லை, சேர்த்து என்ன செய்ய என்று வாத்தியார் கேட்டார். அவள் ஜன்னலுக்கு வெளியே பனியில் நின்று உள்ளே பார்ப்பாள். உள்ளே அவனைக் கண்டதும் காது மடலைப் பிடித்து இழுப்பாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஊமைச்சி உன் அக்காவா? அவன் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, பலகையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். வாத்தியார் எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு திரை. யாரும் யாரையும் அடிக்கவில்லை. நாற்பத்தெட்டு வருஷம் ஆயிற்று, இன்னும் அந்தத் திரை வளையம் கம்பியில் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அவள் அதைக் கேட்கவில்லை, திரைதான் தெரிந்திருக்கும். அவளிடம் ஒரு தரம் மன்னிப்புக் கேட்டார், நீதிபதியான வருஷம். எந்தத் திரை என்று கேட்டாள். அவளுக்கு ஞாபகமே இல்லை! அல்லது இல்லை என்று சொன்னாள். இரண்டில் எது என்று அவரால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை, கண்டுபிடிக்க அவள் விடவும் மாட்டாள். எழுத்தை அவள் தானாகவே திருடிக்கொண்டாள். ஓடத்தில் ஏறி இறங்கிய பீப்பாய்களின் மேல் எழுதியிருந்ததிலிருந்து. பதினாலு வயதில் ஒரு நாள் அவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஆற்றுச் சேற்றில் குச்சியால் எழுதினாள், உப்பு. எழுதிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினாள், கரிக்கும் என்று. பிறகு மாவு. பிறகு தார். அப்புறம்தான் அவன் வெட்கம் பிடுங்கித் தின்ன அவளுக்கு மிச்ச எழுத்தெல்லாம் சொல்லிக்கொடுத்தான். இன்றைக்கு வீட்டில் பத்திரிகையை அவள்தான் முதலில் படிக்கிறாள், மசோதாக்களை அவருக்கு முன்னால் படித்துவிடுகிறாள், காற்புள்ளிகூடத் தப்பாது.

இந்தப் பள்ளிக்கூடத்தால்தான் தோற்றார் என்று கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். ஊருக்கு ஊர் ஜனங்கள் ரயில் எங்கே வரும் என்று கேட்டார்கள், அவர் காது கேளாத பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். கவர்னருக்கே காது கேட்கவில்லை என்று பத்திரிகை எழுதியது. அதைப் படித்துவிட்டு அக்கா அவர் காதைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். விட்டுவிடுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். விட்டிருந்தால் ஜெயித்திருப்பாரோ? இருக்கலாம். அப்படியானால் இன்று சிவப்புத் துணி எனக்கு விரிப்பார்கள், நான் பன்றி, பன்றி, இரண்டு பாதிரியார் என்று இன்னொரு தரம் முழங்கியிருப்பேன், அக்கா சிரித்திருக்க மாட்டாள். அதுதான் விஷயம். சிரித்திருக்க மாட்டாள்.

ஆனால் லூம். ஹெசகையா லூம். போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தார், பனி ஒட்டிய தாடியோடு. எலையாஸ் ஒரு மணி நேரம் பேசினார், லூம் ஆப்பிள் பணியாரத்தில் மூன்று துண்டு சாப்பிட்டார், பேசவில்லை. நான் அதிகம் பேசிவிட்டேனோ? அதிகம்தான். மரவெட்டிகளிடம் மாண்பு என்றெல்லாம் பேசலாமா? கடைசியில் லூம் வாயைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதுவும் எலையாஸைப் பற்றி இல்லை, பணியாரம் கொண்டுவந்த அக்காவைக் காட்டி. "இந்த அம்மா மாட்டை எப்படிக் கூப்பிடுவாங்க?" இது என்ன கேள்வி! எலையாஸ் அதை அக்காவிடம் கையால் கேட்டார். அக்கா தரையில் காலை இரண்டு தரம் ஓங்கி மிதித்தாள், பிறகு கையைத் தட்டினாள். லூம் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேலியா அது? கேலிதான். இல்லை, கேலி செய்கிற முகம் இல்லை அது. அப்படியானால் என்ன முகம்? ஞாபகப்படுத்திப் பார்த்தால் தாடிதான் வருகிறது, முகம் வரவில்லை. பத்து தரம் முயன்றாயிற்று. தாடி, பனி, மூன்று துண்டு. சட்டசபைக் கதவு திறந்தது! துண்டுக்குள் அவர் கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. ஒரு ஆள் வந்து அடுப்புச் சாம்பலைப் பனியில் கொட்டிவிட்டு உள்ளே போனான். கதவு மூடியது. பதினொன்றேகால் இருக்குமா, பதினொன்றரை இருக்குமா? தோற்றிருந்தால் இந்நேரம் பெல்ஹாம் வந்திருப்பான், கெட்ட செய்திக்குக் கால் வேகம். ஜெயித்திருந்தால்? ஜெயித்திருந்தால் இன்னும் வேகமாக வந்திருப்பான். இரண்டும் இல்லை. பயம் இப்போதுதான் வந்தது, ஆற்று நடுவில் கயிறு அறுந்தால் வருகிற அந்தப் பழைய பயம். ஆனால் வேடிக்கை, சந்தோஷம் அதற்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்ததே தவிர எழுந்து போகவில்லை.

"அதோ," என்றார் ஆம்ப்ரோஸ்.

பெல்ஹாம் படியில் ஓடி வந்தான். தொப்பி இல்லை. எப்போதும் கோட்டின் கடைசிப் பொத்தான்வரை போட்டிருக்கிற, முப்பது வயதிலேயே அறுபது வயது நடை நடக்கிற செயலாளர் பெல்ஹாம் சிவப்புத் துணியை மிதித்துக்கொண்டு ஓடி, தெரு நடுவில் வழுக்கி, உட்கார்ந்தபடியே மூன்று கஜம் சறுக்கி, ஒரு கையால் காகிதக் கட்டை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான்.

"பதினாறு, பதினைஞ்சு!" வாசலிலேயே கத்தினான். "நிறைவேறிடுச்சு ஐயா! லூம்! லூம் எழுந்து நின்னார். பேசினார்!"

"லூம் பேசினாரா?"

"எனக்கு ஒரு மக இருக்கா, பதினோரு வயசுன்னு ஆரம்பிச்சார். சபையிலே ஒருத்தருக்கும் தெரியாது ஐயா. காது கேக்காதாம். நாயைக் கூப்பிடக் காலைத் தரையிலே மிதிப்பாளாம். அவளுக்குப் புத்தி கொறைவுன்னு ஊரிலே சொல்றாங்க, நானும் நம்பிட்டேன்னார். போன வாரம் ஒரு அம்மா அதே மாதிரி மிதிச்சதைப் பார்த்தேன், அவங்க மசோதாவைப் படிச்சு அதிலே தப்புக் கண்டுபிடிக்கிறவங்கன்னு சொன்னாங்க. என் மகளும் படிக்கணும்னார். அவ்வளவுதான். உட்கார்ந்துட்டார். மணி பதினொண்ணு நாற்பது ஐயா, கையெழுத்து!"

ஆம்ப்ரோஸ் சோப்புக் கிண்ணத்தையும் சீப்பையும் புறங்கையால் ஒதுக்கிப் பளிங்கு மேடையைத் துடைத்தார். பெல்ஹாம் மைக்கூட்டைத் திறந்தான், மை குளிரில் கூழாகியிருந்தது, ஆம்ப்ரோஸ் அதை வெந்நீர்க் கெண்டிமேல் வைத்துச் சுற்றினார். மூன்று ஆண்கள் ஒரு மைக்கூட்டைக் குழந்தைக்குப் பால் காய்ச்சுவதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எலையாஸுக்குக் கண் மறைத்தது. நுரைதான், கண்ணில் நுரை போய்விட்டது என்று சொல்லிக்கொண்டார். லூமின் முகம் இப்போது முழுசாக ஞாபகம் வந்தது. சாப்பாட்டைப் பார்க்கிற முகம் இல்லை அது, வழியைத் தொலைத்தவன் தூரத்தில் விளக்கைப் பார்க்கிற முகம். நான் ஒரு மணி நேரம் பேசியதில் ஒரு சொல்கூட அவருக்குத் தேவைப்படவில்லை! எலையாஸுக்குச் சிரிப்பு வந்தது. எழுதினார், எலையாஸ் பிரக்கெட், கவர்னர். கடைசி எழுத்தில் ஒரு சொட்டு நுரை விழுந்தது. பெல்ஹாம் பதறி ஒற்றி எடுத்தான்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு தர்ஸா உள்ளே வந்தாள், நீலக் குல்லாய் சரிந்து, மூச்சு வாங்க. ஆண்களின் சவரக்கடைக்குள் ஒரு பெண்மணி நுழைவதை ஆஷ்ஃபோர்ட் அதுவரை பார்த்ததில்லை. கையெழுத்தைப் பார்த்தாள். மை காய்ந்துவிட்டதா என்று விரலை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு அவர் நெற்றியில் சோப்பு இல்லாத ஓர் இடம் தேடி முத்தமிட்டாள்.

அவர் துண்டை விலக்கிக் கைகளை எடுத்தார். "முதல் வாத்தியார் நீதான்," என்று கைகள் சொன்னன. இதை நாலு வருஷமாக மனசில் வைத்திருந்தார், இந்த நிமிஷத்துக்காக. "நிர்வாகக் குழுவுக்கு நானே எழுதுகிறேன்."

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

"ஏன்?"

"வாத்தியார் வேலைக்கு வேறு ஆள் பார். நான் படிக்கப் போகிறேன்."

அவருக்குச் சரியாகப் புரியவில்லை என்று தோன்றியது. இன்னொரு தரம் சொல் என்றார். அவள் இன்னொரு தரம் சொன்னாள், குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக. "மாணவியாக. முதல் பெயர் என் பெயர். பெட்டியில் துணி மடித்து வைத்தாயிற்று."

"உனக்கு ஐம்பத்தேழு வயது!"

அவள் பெல்ஹாமின் கையிலிருந்து மசோதாவை வாங்கினாள். மூன்றாம் பக்கம். ஏழாம் பிரிவு. விரலை வைத்துக் காட்டினாள். சேர்க்கப்படுவோர் எட்டு வயதுக்கு மேற்பட்டவராயிருத்தல் வேண்டும். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. எத்தனை வயது வரைக்கும் என்று யாரும் எழுதவில்லை, எழுத யாருக்கும் தோன்றவில்லை, முப்பத்தோரு மேலவை உறுப்பினர்களுக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. தர்ஸா காகிதத்தை மேடைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"எனக்கு எட்டு முடிந்துவிட்டது," என்றாள் கைகளால்.

"என்ன சொல்றாங்க?" என்றார் ஆம்ப்ரோஸ்.

எலையாஸ் சொன்னார். சொல்வதற்குள் குரல் இரண்டு தரம் உடைந்தது. பெல்ஹாம் காகிதத்தைத் தூக்கி மூக்கருகில் வைத்து ஏழாம் பிரிவை முதலிலிருந்து படித்தான், எட்டாம் பிரிவையும் படித்தான், கொஞ்சம் யோசித்தான். "சட்டப்படி சரிதான் ஐயா," என்றான், மிகுந்த மரியாதையோடு. முதலில் வெடித்தது ஆம்ப்ரோஸ்தான். பன்னிரண்டு வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து யாரும் கேட்டதில்லை, சிரித்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். எலையாஸ் நாற்காலியில் சரிந்தார். தர்ஸா மூவரையும் மாறி மாறிப் பார்த்து, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்து, தானும் சிரித்துவிட்டாள். தெருவுக்கு அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது. பீரங்கி வெடித்தது, பேண்டு வாத்தியம் முழங்கியது, கர்னல் ப்ரூஸ்டர் படியேறினார். பன்னிரண்டு அடித்து முடிந்ததைச் சவரக்கடையில் ஒருவரும் எண்ணவில்லை.